ஊரில் எந்தத் தெரு?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐயா நினைவுச் சொற்பொழிவுக்கு இந்த ஆண்டு நீங்கள்தான் பேச வேண்டும் என்று மன்றத்துத் தோழர்கள் வந்து சொன்னபோது, எதைப் பற்றிப் பேச என்று கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார்கள். இது இலக்கிய மன்றம். கவிதை, நாவல், தன்வரலாறு என்று பேசுவதுதான் இங்கே வழக்கம். ஆனால் ஐயா தன் பணிக்காலத்தில் பெரும்பகுதியை ஆதிதிராவிடர் நல விடுதிக் காப்பாளராகக் கழித்தவர். அரிசி மூட்டைக் கணக்கு, உடைந்த குழாய், இரவு எட்டு மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்கும் பையன், இவைதான் அவருடைய அன்றாடம். அவர் பெயரால் பேசும்போது கூரையைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. மேல்படிப்புக்காகப் பெருநகரத்துக்குப் போகும் நம் பிள்ளை எங்கே தங்குவது? கேள்வி சின்னதுதான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் நடுவில் நானும் ஒரு பெட்டியோடு நின்றிருக்கிறேன். ஆகவே முதலில் அந்தப் பெட்டியைத் திறந்துவிடுகிறேன்.

2001ஆம் ஆண்டு. விருத்தாசலத்தில் இளங்கலை முடித்துவிட்டு, சமூகவியல் முதுகலை படிக்கச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. மங்கலம்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. கட்டட வேலை, ஓட்டல் வேலை, மூட்டை தூக்கும் வேலை. எம்.ஏ. படிக்கப் போனவன் நான்தான் முதல். எங்கள் அப்பா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்தவர். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற கம்பெனி. நான் கிளம்புகிற அன்று ஒரு அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி இரண்டு பீங்கான் பொம்மைகளை வைத்துக் கட்டிக் கொடுத்தார். "வீடு குடுக்கறவங்களுக்குக் குடுடா. ஊர்லேர்ந்து கொண்டாந்தேன்னு சொல்லு, சந்தோசப்படுவாங்க" என்றார்.

கல்லூரி விடுதியில் இடம் தீர்ந்துவிட்டது. அரசு விடுதிப் பட்டியல் வர ஆகஸ்ட் ஆகும் என்றார்கள். வகுப்போ ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு கட்டிலுக்குச் சொன்ன வாடகை, அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து சைதாப்பேட்டைப் பக்கம் மொட்டை மாடி அறையாகத் தேடினோம். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்ட சமூகவியலை இரண்டு ஆண்டுப் பாடத்திட்டம் எனக்குக் கற்றுத் தரவில்லை.

யாரும் சாதியைக் கேட்கவே இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நகரத்துக்காரர்கள் நாகரிகமானவர்கள். "சொந்த ஊர் எது?" என்பார்கள். "மங்கலம்பேட்டை." "அது எங்க இருக்கு?" "விருத்தாசலம் பக்கத்துல." "ஓ, விருத்தாசலமா? அங்க எங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களே. ஊர்ல எந்தத் தெரு?" அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடலூர் மாவட்டத்தில் எங்கே போனாலும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். தெருப் பெயரைச் சொன்னால் போதும், வேறு எதையும் சொல்ல வேண்டாம். தெருவில் மாட்டாதவனுக்கு அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "சாப்பாடு எப்படி? கவிச்சி உண்டா?" "குலதெய்வம் எது?" "அப்பா என்ன பண்றார்?" "ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துடுங்க." கடைசியாகச் சொன்னதுதான் முடிவான கேள்வி. என் குடும்ப அட்டை முகவரியில் காலனி என்றுதான் அச்சாகியிருந்தது.

ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிட்டோம். வீட்டுக்கார அம்மா நல்லவர். காபி கொடுத்தார். அப்பா கட்டிக் கொடுத்த பெட்டியை அவரிடம்தான் கொடுத்தேன். பொம்மைகளை முந்தானையால் துடைத்து, வரவேற்பறை ஷோகேஸில் வைத்தார். நான்கு நாள் கழித்துப் பெட்டி படுக்கையோடு போனால், அவருடைய வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். தம்பி மகனுக்குக் கல்யாணமாம், அறை தேவைப்படுகிறதாம். அவருக்குப் பின்னால் கதவு திறந்துதான் இருந்தது. பொம்மைகள் ஷோகேஸிலேயே இருந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தவருக்கு அவை ஞாபகம் வரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அப்பாவிடம் இதை நான் சொன்னதில்லை. இன்று இந்த மேடையில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

*

என் கதை தனிக்கதை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' கைக்கு வந்தது. 1939இல் வந்த சின்ன நூல். தலித் ஒருவர் தமிழில் எழுதிய தன்வரலாறுகளில் முன்னோடி. அதில் கோயம்புத்தூரில் கலாசாலையில் படித்த காலத்தைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். ஏறக்குறைய நானூறு மாணவர்கள். அவர்களில் ஒரு பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் பார்ப்பனர்கள். யாரோடும் பழகினால் தன் சாதியும் குடும்பமும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிடும் என்ற அச்சம். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவாராம். விட்டதும் மற்ற மாணவர்கள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் வேகமாக வீட்டுக்குப் போய்விடுவாராம்.

பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருக்குப் பக்கத்தில் அமர்ந்த மனிதர் இவர். மாணவப் பருவத்தில் அவர் செய்த பெரும் வேலை, தான் எங்கே குடியிருக்கிறோம் என்பதை மறைத்தது. நம்மவர்களின் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பள்ளிகளை எண்ணுகிறார்கள், பட்டதாரிகளை எண்ணுகிறார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள அந்த வேக நடையை யாரும் எண்ணுவதில்லை. அதற்குக் கணக்கெடுப்புப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இனி சென்னைக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்படிப்பு என்றாலே சென்னைதான். வெளியூர் மாணவன் கல்லூரியில் சேர்ந்தால் தங்கவும் சாப்பிடவும் இடம் வேண்டும். விடுதிகளும் உணவுக்கடைகளும் பெரும்பாலும் பார்ப்பனர் கையில். பார்ப்பனரல்லாத மாணவர்களுக்கு அங்கே இடமில்லை, இருந்தாலும் தனிப்பந்தி. தங்க இடம் கிடைக்காமல் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் இருந்தார்கள். இந்த நிலையில்தான் மருத்துவர் சி. நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில், அக்பர் சாகிபு தெருவில், 'திராவிடர் இல்லம்' என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் நீதிக்கட்சியாக வளர்ந்த அமைப்பு உருவாயிற்று. அதாவது தமிழ்நாட்டு அரசியலை நூறாண்டுகளாக ஆட்டிப்படைத்த இயக்கத்தின் தொட்டில்களில் ஒன்று ஒரு மாணவர் விடுதி. நம் பாடநூல்களில் வகுப்புவாரி உரிமை வரும், வேலைவாய்ப்புக் கணக்கு வரும். வாடகைக்கு இடம் கிடைக்காத பையன்கள் வருவதில்லை.

திராவிடர் இல்லம் சில ஆண்டுகளிலேயே பணமில்லாமல் மூடப்பட்டது. ஆனால் இல்லம் என்று பெயர் வைத்ததிலேயே ஒரு புரிதல் இருக்கிறது. நகரத்தில் வீடு கிடைக்காதவனுக்கு இயக்கம் வீடாக வேண்டும் என்ற புரிதல் அது.

சரி, நம்மவர்கள்? பார்ப்பனரல்லாத சாதிகளின் பெருமிதமாக இருந்த பச்சையப்பன் கல்லூரியில் ஆதிதிராவிட மாணவர்கள் 1920களின் பிற்பகுதிவரை சேரவே முடியாது. அறக்கட்டளை இந்துக்களுக்கானது, நாம் அந்தக் கணக்கில் இல்லை. மதம் மாற வேண்டும் என்று மிஷனரிகளையும், நுழைய விடமாட்டோம் என்று சொன்ன இந்துக்களையும் ஒரே நேரத்தில் எதிர்கொண்ட தலைமுறை அது. வகுப்பறைக் கதவே திறக்காதபோது விடுதிக் கதவைப் பற்றி என்ன பேச? பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, சென்னைச் சட்ட மேலவையில் நம்மவர்களின் முதல் உறுப்பினராக உட்கார்ந்த பெருந்தலைவர் எம்.சி. ராஜா 1922இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்ற வைத்தார். அடுத்த ஆண்டே நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். இல்லம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதை அவருடைய வெளியேற்றம் சொல்கிறது.

இன்று சைதாப்பேட்டையில், அவர் பிறந்த பரங்கிமலையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், அவர் பெயரில் கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. தமிழ்நாட்டுத் தலித் அரசியலில், எழுத்தில், வழக்கறிஞர் தொழிலில் இருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். 'ராஜா ஹாஸ்டல்' என்ற சொல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அந்த விடுதிக்கு இன்னும் ஒழுங்கான வரலாறு எழுதப்பட வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களில் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள்.

*

நம் பக்கத்துக்கு வருகிறேன். விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் அதிகத் தொலைவில்லை. அங்கே ஓமக்குளத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஆண்டைக் கவனித்தீர்களா? திருவல்லிக்கேணியில் நடேசனார் விடுதி தொடங்கிய அதே ஆண்டு. ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்து, துறவியாகி, நந்தனார் நெருப்பில் இறங்கினார் என்று கதை சொல்லும் இடத்திலேயே மடம் வைத்துக்கொண்டு, அந்த மடத்தைப் பள்ளியாக்கியவர். புராணம் நந்தனை எரித்த இடத்தில் இவர் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கினார் என்று ஐயா அடிக்கடி சொல்வார். பள்ளியோடு விடுதியும் சேர்த்தே வளர்ந்தது. அதில்தான் சகஜானந்தரின் மேதைமை இருக்கிறது. பண்ணை வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளையைப் பகலில் மட்டும் பள்ளிக்கு அழைத்தால் போதாது. மாலையில் அவன் திரும்பிப் போகிற இடத்தில் ஆண்டை இருக்கிறான், மாடு இருக்கிறது, கடன் இருக்கிறது. இரவிலும் அவனைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டால்தான் அவன் மறுநாள் வருவான். கடலூர், தஞ்சை மாவட்டங்களில் நம் முதல் தலைமுறை ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள் எத்தனையோ பேருக்கு நந்தனார் விடுதிப் பாய்தான் முதல் படுக்கை. 1959இல் அவர் மறையும்வரை சட்டமன்றத்தில் இருந்துகொண்டே இந்த வேலையையும் பார்த்தார்.

இதையே வடக்கே வேறு சிலரும் உணர்ந்திருந்தார்கள். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 1901 முதல் ஒவ்வொரு சமூகத்துக்கும் விடுதி கட்டிக்கொண்டே வந்து, 1908இல் தீண்டப்படாத மாணவர்களுக்கும் விடுதி திறந்தார். சாதிக்கொரு விடுதி என்பது சரியா என்று இன்று நாம் வாதிடலாம். அன்று பொது விடுதியில் சமைக்கவும் பரிமாறவும் ஆள் கிடைக்காது என்பதையும் மறக்கக் கூடாது. சென்னை மாகாணத்தில் 1919–20இல் தொழிலாளர் ஆணையர் பதவி ஏற்படுத்தப்பட்டு, ஒடுக்கப்பட்டோர் நலம் அந்தத் துறையிடம் வந்தது. உதவித்தொகை, விடுதி எல்லாம் அதன் வழியாகத்தான் முளைத்தன. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அதுதான் மூதாதை.

*

அண்ணல் அம்பேத்கரிடம் வருகிறேன். பரோடாவில் அவருக்கு நேர்ந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கோணத்தில் மறுபடி படித்துப் பாருங்கள்.

1913இல் நியூயார்க்குக்குப் போகிறார். கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் தங்குகிறார். கொஞ்ச நாளில் லிவிங்ஸ்டன் ஹால் என்ற விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறார். அந்த நட்பு வாழ்நாள் நட்பு. பிறகு இலண்டன். அங்கும் மாணவனாக வாடகை அறை. 1917இல் பரோடா சமஸ்தானத்துக்குத் தர வேண்டிய வேலைக் கடனைத் தீர்க்கப் பரோடாவுக்கு வருகிறார். அங்கே தங்க இடமில்லை. இந்து விடுதிகளுக்குப் போக முடியாது. பார்சி சத்திரம் ஒன்று இருக்கிறது. அங்கே பார்சிகளுக்கு மட்டும்தான் இடம். காப்பாளரோடு ஓர் ஏற்பாடு: பதிவேட்டில் பார்சிப் பெயர், நாள் வாடகை ஒன்றரை ரூபாய். மாடியில் தட்டுமுட்டுச் சாமான் நிறைந்த பெரிய கூடத்துக்குப் பக்கத்தில் சின்ன அறை. இருட்டு, தனிமை. பதினோராம் நாள் காலை, தடிகளோடு ஒரு டஜன் பார்சிகள் படியேறி வருகிறார்கள். யார் நீ, சத்திரத்தைத் தீட்டாக்கிவிட்டாயே, மாலைக்குள் காலி செய். இந்து நண்பர் ஒருவரைக் கேட்கிறார். நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறித்தவ நண்பர் ஒருவரைக் கேட்கிறார். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். பதில் புரிந்துவிடுகிறது. பரோடாவின் பொதுப் பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார்.

வெளிநாட்டில் பார்சி நண்பனோடு ஒரே அறையில் இருந்தவர், உள்நாட்டில் பார்சிப் பெயரில்கூட இருக்க முடியவில்லை. ஆள் அவரேதான், படிப்பும் அதேதான். கடலைத் தாண்டினதும் மாறியது முகவரி மட்டும்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 2005இல் உச்ச நீதிமன்றம் அகமதாபாத்தில் உள்ள ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்ற சங்க விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை என்பது வாதம். அந்தச் சங்கத்தோடு நமக்குப் பகை எதுவும் இல்லை. சிறுபான்மையினர் தங்களைக் காத்துக்கொள்ள நினைப்பது புரியாததும் அல்ல. ஆனால் அந்த வாசல் வழியாக வேறு யாரெல்லாம் நுழைவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்று விளம்பரம் போடுகிற அடுக்குமாடிகள் எல்லாப் பெருநகரங்களிலும் இருக்கின்றன.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவைப் படியுங்கள். தீண்டாமையின் பேரால் ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருப்பை வாங்கவோ அதில் குடியிருக்கவோ விடாமல் தடுப்பது குற்றம் என்று அதில் இருக்கிறது. வீட்டுக்காரர் தம்பி மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பிரிவை வைத்து என்ன செய்வது? நிரூபிக்க வேண்டியவன் பெட்டியோடு தெருவில் நிற்பவன்.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு வாடகையில் நிறவெறியைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டத்தால் மட்டும் நிறவெறி போய்விடவில்லை. ஆனால் அதை நிரூபிக்க அங்கே ஒரு முறை உருவானது. ஒரே வருமானம், ஒரே வேலை உள்ள இரண்டு பேரை, ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து அனுப்பிப் பார்ப்பது. பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் தில்லிப் பகுதியில் இதே போன்ற ஓர் ஆய்வைச் செய்து 2015இல் வெளியிட்டார்கள். பெயரை வைத்துத் தலித், முஸ்லிம், உயர்சாதி என்று அடையாளம் தெரியும்படி தொலைபேசியில் வீடு கேட்டார்கள். உயர்சாதிப் பெயர் சொன்னவர்களுக்கு மறுப்பு என்பதே இல்லை. தலித் பெயர் சொன்னவர்களில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினருக்குத்தான் நேரான சம்மதம் கிடைத்தது. மற்றவர்களுக்கு மறுப்பு, அல்லது கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. முஸ்லிம்களின் நிலை அதைவிட மோசம். தமிழ்நாட்டில் பெயரில் சாதி இல்லை என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். அதனால்தான் இங்கே தெருவைக் கேட்கிறார்கள்.

*

விடுதி கிடைத்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா? தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. துன்புறுத்தல் தாங்காமல் இடஒதுக்கீட்டு மாணவர்கள் விடுதியின் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்கிப்போனது அதில் பதிவாகியிருக்கிறது. டாக்டருக்குப் படிக்கிற இடத்தில் மாடியில் ஒரு சேரி. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் படம் எடுத்து வெளியிட்டபின் அகற்றினார்கள்.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2016 ஜனவரிக் குளிரில் அவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளியில் தலைவர்களின் படங்களை வைத்து ஒரு பந்தல் போட்டுப் படுத்தார்கள். அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே உள்ள சேரி என்று பொருள். ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். அவருடைய சாதிச் சான்றிதழைப் பற்றிப் பல வருடம் விவாதித்தார்கள். ஆய்வு மாணவனிடமிருந்து அறையைப் பறித்தால் எதையெல்லாம் பறித்ததாகும் என்று விவாதித்தவர்கள் குறைவு. அறைதான் அவனுடைய நூலகம், மேசை, நண்பர்கள் கூடும் இடம். ஊருக்குத் திரும்ப முடியாதவனுக்கு அதுதான் ஊரும்.

நானும் கடைசியில் ஓர் அரசு விடுதிக்குத்தான் போனேன். இடம் கிடைத்தா? இல்லை, 'கெஸ்ட்' ஆக. இங்கே இருக்கும் மூத்தவர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். பட்டியலில் பெயர் இல்லாதவன், பெயர் உள்ளவனின் கட்டிலுக்குக் கீழே படுப்பது. நான்கு பேர் அறையில் ஒன்பது பேர். ஒருவன் சோற்றை இரண்டு பேர் சாப்பிடுவது. ஆய்வு என்று வந்தால் போலிஸ்காரனைப் பார்த்த மாதிரி பின்கதவால் ஓடுவது. அங்கே படித்த முதுகலைப் பாடத்தைவிட, நள்ளிரவு வாதங்கள்தான் என்னை எழுத்துக்குக் கொண்டுவந்தன. இதை நான் இனிமையான நினைவாகச் சொல்லவில்லை. தண்ணீர் வராத நாட்கள் உண்டு, தோல் நோய் உண்டு, வெட்கம் உண்டு. ஆனால் அங்கே யாரும் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. கேட்டாலும் கூசாமல் சொல்லலாம்.

எங்களோடு படித்த தோழி ஒருவருக்கு அந்த வசதியும் இல்லை. ஆண்களாவது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளலாம். தனியார் பெண்கள் விடுதிகளில் உறவினர் முகவரி, உள்ளூர்க் காப்பாளர் கையெழுத்து, மாலை ஏழு மணிக் கதவு. நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கும். முதலாண்டு முடிவில் அவர் ஊருக்குப் போய்த் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து முடித்தார். அவருக்குத் தங்கப்பதக்கம் வாங்குகிற தகுதி இருந்தது என்பதை எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

*

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகும். 2012இல் வந்த அரசாணை 92 இல்லையென்றால் தனியார் பொறியியல் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் பலர் நுழைந்திருக்க மாட்டார்கள். கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,100 ரூபாயாக இருந்தது, 2023இல் 1,500 ஆனது. ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளை. சென்னையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு வேளை என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா விடுதி வளாகத்தில் பத்து மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். ஜூலையில் நலத்துறை விடுதிகள் அனைத்துக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றம் வந்தது.

இந்தப் பெயர் மாற்றங்களைக் கேலி செய்கிற தோழர்கள் இருக்கிறார்கள். பெயர் மாறினால் தண்ணீர் வருமா என்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் குடும்ப அட்டை ஜெராக்ஸை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறவனுக்கு அந்த ஒரு சொல்லின் எடை தெரியும். எனக்கு அது போனதில் நிம்மதி உண்டு. ஆதிதிராவிடர் என்ற சொல் விடுதிப் பலகையிலிருந்து போனதில் எனக்குத் தயக்கமும் உண்டு. காலனி என்ற சொல் மற்றவர்கள் நம் மேல் ஒட்டியது; ஆதிதிராவிடர் என்பது ராஜா போராடி வாங்கியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இதில் உங்களில் பலர் என்னோடு உடன்பட மாட்டீர்கள். கேள்வி நேரத்தில் பேசுவோம்.

இப்போது மன்றத்தின் முன் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். விருத்தாசலம் வட்டத்திலிருந்து இந்த ஆண்டு சென்னையில் முதுகலையும் ஆய்வுப் படிப்பும் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளில் ஏழு பேருக்கு இன்னும் விடுதி இல்லை. நான்கு பேர் பெண்கள். மன்றத்தின் பெயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அவர்களைத் தங்க வைக்கலாம் என்று ஐயா கடைசி நாட்களில் சொன்னார். செயற்குழுவில் இரண்டு முறை பேசி இரண்டு முறையும் சண்டையில் முடிந்தது. அரசின் கடமையை நாம் ஏன் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும், கேட்டு வாங்கத்தானே மன்றம் என்பது ஒரு தரப்பு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அண்ணல் மகாராஷ்டிரத்தில் 1925இலேயே, தன் அமைப்பின் பேரால் சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தினார் என்பது மறுதரப்பின் பதில். அரசிடம் கேட்பதையும் அவர் நிறுத்தவில்லை. உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் அவர் வைசிராய் அவையில் இருந்தபோது கேட்டு வாங்கியதுதான். அடுப்பும் எரிந்தது, மனுவும் போயிற்று.

வீடு பார்க்கப் போன தோழர்கள் இரண்டு இடம் சொல்லியிருக்கிறார்கள். வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றாலும், ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் கேட்கலாம் என்று வழி விட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் பத்து மாதம் கேட்கிறார்கள். ஒன்றில் பேச்சு முடியும் நிலையில் இருக்கிறது. வீட்டுக்காரர் மன்றத்தின் பதிவுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். அதில் மன்றத்தின் முழுப்பெயரும் இருக்கிறது, தலித் என்ற சொல்லும் இருக்கிறது. அதை மறைத்து என் பெயரில் ஒப்பந்தம் போடலாம் என்று ஒரு தோழர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். சான்றிதழை அப்படியே எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நானும் ஐயாவின் மகளும் போகிறோம். வர விரும்புகிறவர்கள் எழும்பூர் ரயில் நிலையத்தில் எட்டு மணிக்கு நில்லுங்கள்.